எதிர்ப்பக்கத்து நாற்காலி



ஒரு செஸ் புதிரை எப்படி விடுவிப்பது? இதுதான் இன்றைக்கு எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. ஒரு மணி நேரம் பேசுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இருக்கிறது. என் வாழ்நாளில் பாதியை இந்தப் புதிர்களோடு கழித்திருக்கிறேன். ஒரு நாளும் வீண் என்று தோன்றியதில்லை.

எனக்குப் பின்னால் தொங்குகிற பெரிய பலகையைப் பாருங்கள். கட்டங்கள் 64. காய்கள் எத்தனை? ஏழே ஏழு. ஒரு கை விரல்களும் இன்னும் இரண்டும். செஸ் தெரியாதவர்கள் அஞ்சவேண்டாம், இந்த ஏழு காய்களுக்கு வேண்டியதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். யானை நேராகப் போகும். பிஷப், நம்மில் சிலர் மந்திரி என்போம், மூலைவாட்டில் போகும். சிப்பாய் முன்னால் ஓர் அடி வைக்கும், முதல் தடவை மட்டும் விரும்பினால் இரண்டு அடி. ஆனால் வெட்டும்போது மூலைவாட்டில் வெட்டும். ராஜா எந்தப் பக்கமும் ஓர் அடி. ராஜாவைக் குறிவைத்தால் செக். அந்தக் குறியிலிருந்து தப்ப வழியே இல்லாவிட்டால் மேட். பாரசீகத்தில் ‘ஷா மாத்’ என்பார்கள். ஷா என்றால் ராஜா. ராஜா கதியற்று நிற்கிறான் என்று பொருள். கதியற்று என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப அதற்கு வரப்போகிறோம்.

கட்டங்களுக்குப் பெயர் உண்டு. இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்று எச் வரை. கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை. எழுத்தையும் எண்ணையும் சேர்த்துக் கட்டத்தைச் சொல்லும் இந்த முறையைத் தன் செஸ் புத்தகத்தில் அச்சேற்றியவர் சிரியா நாட்டு அலெப்போ நகரத்துக்காரர் ஒருவர். அவரிடம் கடைசியில் வருகிறேன்.

இப்போது காய்கள். இடது மேல் மூலையில், ஏ8-இல், கறுப்பு ராஜா. அவன் பக்கத்தில் பி8-இல் கறுப்பு பிஷப். அவர்களுக்கு முன்னால் ஏ7, பி7 இரண்டிலும் கறுப்புச் சிப்பாய்கள். நான்கு பேரும் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளைக்கு மூன்றே காய். சி8-இல் ராஜா. பி6-இல் ஒரு சிப்பாய். வெகு தூரத்தில், கீழே ஏ1-இல், ஒரு யானை. வெள்ளையின் முறை. இரண்டே நகர்த்தலில் மேட். வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, அவ்வளவுதான். கறுப்பு எதைச் செய்தாலும் சரி.

இதை அமைத்தவர் பால் மர்ஃபி. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் 1837-இல் பிறந்தவர். இருபத்தொரு வயதில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, அங்கே பெரியவர்கள் என்று பெயர் பெற்றவர்கள் பலரை வென்றவர். இந்தப் புதிர் அச்சில் வந்தது 1856-இல். சிறுவனாக இருந்தபோதே இதை அமைத்துவிட்டார் என்றும் சொல்வார்கள்.

என் பன்னிரண்டாவது வயதில் என் மாமா இந்த ஏழு காய்களை ஒரு பலகையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் வருவதற்குள் கண்டுபிடித்துவிடு என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? இந்த அரங்கில் முதல் தடவை இதைப் பார்க்கும் எல்லோரும் இப்போது மனத்துக்குள் செய்துகொண்டிருப்பதைத்தான் செய்தேன். செக் சொல்லத் தேடினேன்.

யானையை ஏ1-இலிருந்து ஒரே ஓட்டமாக ஓட்டி, ஏ7 சிப்பாயை வெட்டினேன். செக்! கறுப்பு பிஷப் நிதானமாக யானையை வெட்டியது. யானை போயிற்று. சரி, சிப்பாயால் ஏ7-ஐ வெட்டிப் பார்த்தேன். மறுபடி பிஷப் வெட்டியது. அதை யானையால் வெட்டினேன், ராஜாவே யானையைத் தின்றுவிட்டான். சாயங்காலம் ஆயிற்று. மறுநாளும் ஆயிற்று. இந்தப் புதிர் தப்பு, எங்கோ ஒரு காய் மாறி வைத்திருக்கிறீர்கள் என்று மாமாவிடமே சொன்னேன்.

மாமா ஒன்றும் பதில் சொல்லவில்லை. பலகையின் இரண்டு ஓரங்களையும் பிடித்து, காய் சாயாமல், மெதுவாக அரைவட்டம் திருப்பி வைத்தார். கறுப்பு மூலை என் பக்கம் வந்துவிட்டது. “இப்ப பாரு” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அன்றைக்கு அவர் எனக்குக் கற்றுத்தந்ததைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். வெள்ளையின் நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள். சுற்றிப் போய் எதிர்ப்பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கறுப்புக்கு என்ன வழி இருக்கிறது?

கேட்போமா? வெள்ளை ஒன்றுமே செய்யாமல் சும்மா இருக்கிறது, இப்போது கறுப்பின் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு ராஜா எங்கே போவான்? பக்கத்துக் கட்டங்கள் மூன்று. மூன்றிலும் அவனுடைய ஆட்களே நிற்கிறார்கள். அவன் அசைய முடியாது. பி7 சிப்பாய்? அதன் முகத்துக்கு நேரே வெள்ளைச் சிப்பாய் நிற்கிறது, அசைய முடியாது. ஏ7 சிப்பாய் குறுக்கே பாய்ந்து பி6-ஐ வெட்டலாமா? வெட்டினால் ஏ வரிசை திறந்துவிடும், கீழேயிருந்து வெள்ளை யானையின் பார்வை நேரே ராஜாவின் மேல் விழும். தன் ராஜாவைக் காட்டிக்கொடுக்கும் நகர்த்தலுக்கு விதி இடம் தராது. அதுவும் முடியாது.

பிஷப்? அது போகலாம். சி7, டி6 என்று கீழே எச்2 வரைக்கும் ஆறு கட்டங்கள். ஆனால் அது பி8-ஐ விட்டு எங்கே போனாலும் ஏ7 சிப்பாய்க்குக் காவல் போய்விடும். யானை ஏ7-இல் வெட்டும். யானைக்குப் பின்பலமாக பி6 சிப்பாய். காலியான பி8-க்கு ராஜா ஓடலாம் என்றால் அதை வெள்ளை ராஜா சி8-இலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். மேட்! பிஷப்பின் ஆறு வழியும் மரண வழி.

அப்படியென்றால் கறுப்பை உயிரோடு வைத்திருப்பது எது? யோசியுங்கள். இன்னும் ஒரே ஒரு காய்தான் பாக்கி. ஏ7 சிப்பாய் நேராக நடக்கலாம். ஏ6-க்கு ஓர் அடி, அல்லது ஏ5-க்கு இரண்டு அடி. கறுப்பின் கோட்டை முழுவதும் அந்த ஒற்றைச் சிப்பாயின் நடையில் தொங்கிக்கொண்டிருக்கிறது!

இதைப் பார்த்த கணம் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டு நாளாக நான் தேடியது வெள்ளையின் பலத்தை. பதிலோ கறுப்பின் பலத்தில் இருந்தது. அந்தச் சிப்பாய் நடக்கக் கூடாது. நடக்காமல் இருக்க என்ன செய்யவேண்டும்? அதன் முன்னால் ஓர் ஆள் போய் நிற்கவேண்டும். யார்? யானை. எங்கே? ஏ6-இல்.

ஏ6-இலா? அங்கே பி7 சிப்பாய் யானையை வெட்டிவிடுமே! வெட்டட்டும். வெட்டுவதற்கு அது பி7-ஐ விட்டு நகர்ந்தாகவேண்டும் அல்லவா? நகர்ந்த அந்த நொடியில் வெள்ளைச் சிப்பாய் பி6-இலிருந்து பி7-க்கு ஓர் அடி வைக்கிறது. செக். அதை ராஜா வெட்டலாமா? வெள்ளை ராஜா காவல். ஓடலாமா? ஏ7-இலும் பி8-இலும் அவனுடைய ஆட்களே அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். மேட்! வெட்டாமல் பிஷப்பை நகர்த்தினால் யானை ஏ7-இல் வெட்டி மேட். வேறு வழி? இல்லை. கறுப்பு ராஜா கதியற்று நிற்கிறான்.

நகர்த்தியே தீரவேண்டும், எதை நகர்த்தினாலும் கேடு. இந்த நிலைக்கு ஜெர்மன்காரர்கள் ட்சுக்ஸ்வாங் என்று பெயர் வைத்தார்கள். நகர்த்தும் கட்டாயம் என்று பொருள். உலகம் முழுவதும் செஸ்காரர்கள் அந்தப் பெயரையே சொல்கிறார்கள். ஆனால் நம் திண்ணைகளில் ஆடுபுலி ஆட்டம் ஆடிய பாட்டிமார்களுக்கு இந்த நுணுக்கம் புதிதா? மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகள் அடைக்கவேண்டும். ஆட்டுக்குப் புலியை வெட்டும் உரிமை கிடையாது. அப்புறம் எப்படி ஜெயிப்பது? புலி எங்கே தாவும், அடுத்து எங்கே தாவும் என்று புலியின் கண்ணால் பார்த்து, அந்தந்தப் புள்ளியை அடைத்துத்தான். ஆடு வைத்து ஜெயித்தவர்கள் எல்லோரும் எதிர்ப்பக்கத்து நாற்காலியில் உட்காரத் தெரிந்தவர்கள்.

நண்பர்களே! இங்கே தாய்மார்கள் நிறையப் பேர் வந்திருப்பதால் ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நம் சென்னையின் விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக இருந்தபோது குடும்பம் சில காலம் பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவில் இருந்தது. 1978-இல் கார்ப்போவுக்கும் கோர்ச்னாய்க்கும் உலகப் பட்டத்துக்கான ஆட்டம் அந்த நாட்டின் பாகியோ நகரத்தில்தான் நடந்தது. நாடே செஸ் பேசிக்கொண்டிருந்த காலம். அங்கே தொலைக்காட்சியில் மத்தியான வேளையில் ஒரு செஸ் நிகழ்ச்சி வரும், முடிவில் ஒரு புதிர் போடுவார்கள். ஆனந்த் அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் இருப்பார். அவருடைய அம்மா சுசீலா அந்தப் புதிரைப் பார்த்து எழுதி வைப்பார். மகன் வந்ததும் இருவரும் உட்கார்ந்து விடுவிப்பார்கள், விடையை அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். எத்தனை தடவை பரிசு வாங்கினார் என்றால், கடைசியில் நிகழ்ச்சிக்காரர்கள் கூப்பிட்டு, வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு போ, இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம். ஆனந்தே பேட்டிகளில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இந்தக் கதையில் என் மனம் போய் நிற்கிற இடம் அந்தப் பரிசுகள் இல்லை. மத்தியான நேரத்தில், கையில் காகிதமும் பேனாவுமாக, எந்தக் கட்டத்தில் எந்தக் காய் என்று ஒன்று விடாமல் குறித்துவைக்கிற அந்த அம்மா. ஒரு காய் ஒரு கட்டம் தள்ளிப்போயிருந்தாலும் புதிர் செத்துவிடும். ஐந்து தடவை உலகப் பட்டம் வென்ற ஆட்டக்காரருடைய முதல் புதிர்ப் புத்தகம் ஓர் அம்மாவின் கையெழுத்தில் இருந்தது. இதைவிட எனக்கு இனிப்பான செய்தி செஸ் வரலாற்றில் வேறில்லை.

சரி, அடுத்த படிக்குப் போவோம். மர்ஃபியின் புதிரில் கறுப்புக்கு மிச்சமிருந்த வழியை அடைத்தோம், ஜெயித்தோம். எல்லாப் புதிரிலும் வழியை அடைத்தால் போதுமா? போதாது! 1845-இல் லண்டனில் வெளிவந்த ‘செஸ் பிளேயர்ஸ் கிரானிக்கிள்’ என்ற பத்திரிகைக்கு டெல்லியிலிருந்து ஒரு புதிர் வந்தது. பத்திரிகையின் ஆசிரியர் ஹோவர்ட் ஸ்டாண்டன், அந்தக் காலத்தின் பெரிய ஆட்டக்காரர். அனுப்பியவர் தன் பெயரைப் போடவில்லை. ‘ஷாகிர்த்’ என்று கையெழுத்திட்டிருந்தார். உருது தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஷாகிர்த் என்றால் மாணவன், சீடன். ஹென்றி அகஸ்டஸ் லவ்டே என்ற ஆங்கிலேயப் பாதிரியார்தான் அந்தச் சீடன்.

நான்கு நகர்த்தலில் மேட். முழு நிலையையும் இப்போது பலகையில் வைக்கப்போவதில்லை. அதன் உயிர்நாடியை மட்டும் சொல்கிறேன். பலகையின் நடுவே கறுப்பு ராஜா நெருக்கப்பட்டிருக்கிறான். கறுப்புக்கு என்ன வழி இருக்கிறது? கேள்வி அதேதான். ஒரு சிப்பாய் இரண்டு அடி வைக்கலாம். அது முடிந்தால்? ஒன்றுமே இல்லை. ஆகா, ஜெயித்துவிட்டோம் என்று கை தட்டாதீர்கள். செக் இல்லாமல் நகர வழியும் இல்லாமல் போனால் அது மேட் ஆகாது, ஸ்டேல்மேட். ஆட்டம் டிரா. இத்தனை படையோடு நெருக்கியும் வெள்ளைக்கு வெற்றி கிடையாது.

இங்கேதான் அந்தச் சீடர் ஒரு காரியம் செய்தார். எச்6-இலிருந்து சி1 வரை ஓடும் மூலைவாட்டுக் கோட்டில் வெள்ளை பிஷப் இருக்கிறது. அதைச் சண்டையிலிருந்து பின்னுக்கு இழுத்துச் சி1-க்கே அனுப்பிவிட்டார். வழியில் டி2 என்ற கட்டத்தைத் தாண்டித்தான் சி1-க்குப் போகவேண்டும். அப்புறம் யானையைக் கொண்டுவந்து அதே டி2-இல் நிறுத்தினார். என்ன ஆயிற்று? தன் யானையாலேயே தன் பிஷப்பின் பார்வையை மறைத்துவிட்டார். கறுப்பு ராஜாவுக்கு எஃப்4 என்ற கட்டம் திறந்தது. வேறு நகர்த்தல் இல்லை, அவன் போய்த்தான் ஆகவேண்டும். போனான். யானை டி2-இலிருந்து டி4-க்கு ஏறியது. யானையின் செக் பக்கவாட்டில். யானை விலகியதால் பிஷப்பின் செக் மூலைவாட்டில். இரட்டைச் செக், மேட்!

எதிரிக்கு வழி விடுவதற்காகத் தன் கண்ணைத் தானே மறைத்துக்கொள்ளும் நகர்த்தலை வெள்ளையின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு யாராவது யோசிப்பார்களா? இந்தப் புதிருக்கு உலகம் ‘இந்தியப் புதிர்’ என்றே பெயர் வைத்தது. கோட்ஸ், கொக்கல்கோர்ன் என்ற இரண்டு ஜெர்மன் அறிஞர்கள் 1903-இல் இந்த ஒரு புதிரின் பெயரிலேயே ஒரு நூல் எழுதினார்கள். அந்தக் கருவை வைத்துப் பின்னால் வந்தவர்கள் அமைத்த புதிர்களை இன்றும் இந்தியக் கரு என்றே வகைப்படுத்துகிறார்கள்.

இன்னொரு கதை, சுருக்கமாக. 1858. அமெரிக்காவில் சாம் லாய்ட் என்ற பதினேழு வயதுப் பையன். புதிர் அமைப்பதில் சூரன். அவருடைய நண்பர் டெனிஸ் ஜூலியன். எந்தப் புதிரைக் காட்டினாலும் மேட் செய்யப்போவது எந்தக் காய் என்று கண்டுபிடித்துவிடுவேன் என்பது ஜூலியனின் பெருமை. லாய்ட் ஒரு புதிரை அமைத்துவந்து, இதில் நிச்சயமாக மேட் செய்யாத காய் ஒன்றைச் சொல்லுங்கள், தோற்பவர் விருந்து வைக்கவேண்டும் என்றார். ஜூலியன் உடனே பி2-இல் நின்ற சிப்பாயைத் தொட்டார். அது வீட்டை விட்டே புறப்படாத சிப்பாய். ஐந்து நகர்த்தலில் மேட் ஆகவேண்டிய புதிர்.

அந்தச் சிப்பாய்தான் மேட் செய்தது. பி4-க்கு முதல் அடி. கறுப்பு யானை செக் சொல்லிக்கொண்டு சி5-க்கு வர, அதை வெட்டியது. சி6. பிறகு பி7-இல் ஒரு சிப்பாயை வெட்டியது. ஐந்தாவது நகர்த்தலில் ஏ8 மூலையில் குதிரையை வெட்டி, கடைசி வரிசையைத் தொட்டதால் ராணியாகி, பலகையின் அந்த மூலையிலிருந்து இந்த மூலை வரைக்கும் பார்வையை நீட்டி எச்1-இல் இருந்த ராஜாவுக்கு மேட்! கவனித்துப் பாருங்கள், அந்தச் சிப்பாய்க்குப் பாதை போட்டது யார்? சி5-க்கு யானையைக் கொண்டுவந்து கொடுத்தது கறுப்பு. தப்பிக்கத் தனக்குத் தெரிந்த மிக நல்ல நகர்த்தல் அதுதான் என்று கொடுத்தது. ஜூலியன் வெள்ளைக் காய்களை மட்டும் பார்த்தார். கறுப்பு எப்படியெல்லாம் தப்பிக்கப் பார்க்கும் என்று பார்த்திருந்தால் அந்தச் சிப்பாயைத் தொட்டிருக்கமாட்டார். 1861-இல் இந்தப் புதிர் லண்டனில் அச்சானது, ‘எக்ஸெல்சியர்’ என்ற பெயரில்.

குழந்தைகளுக்கு இப்போது ஒரு வேண்டுகோள். புதிரைப் பார்த்ததும் காய்களைக் கையால் நகர்த்திப் பார்க்காதீர்கள். கண்ணால் நகர்த்துங்கள். 1977 முதல் புதிர் விடுவிப்பதற்கென்றே உலகப் போட்டி நடக்கிறது. இங்கிலாந்தின் ஜான் நன், கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர், அதில் மூன்று முறை உலக வெற்றியாளர். அந்தப் போட்டியின் முதல் சுற்றில் இரண்டு நகர்த்தல் புதிர்கள் மூன்றைத் தருவார்கள். நேரம் 20 நிமிடம். அங்கே எதிரில் ஆள் கிடையாது. எதிராளியையும் நாமே மனத்துக்குள் உட்காரவைக்கவேண்டும், அவனுக்காக நேர்மையாக யோசிக்கவேண்டும். தனக்குச் சாதகமான பதிலை மட்டும் அவன் வாயில் திணித்தால் மதிப்பெண் போய்விடும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். மர்ஃபியின் புதிரைக் கைப்பேசியில் ஏற்றினால் கண் சிமிட்டுவதற்குள் யானை ஏ6 என்று காட்டிவிடும். தயவுசெய்து காட்டவிடாதீர்கள். பிள்ளை இரண்டு நாள் திண்டாடட்டும். சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் இருக்கட்டும். என் மாமாவுக்கு விடை முதல் நாளே தெரியும். அவர் அதைச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு விடை கிடைத்திருக்கும், அந்தச் சிலிர்ப்பு கிடைத்திருக்காது. பலகையைத் திருப்பி வையுங்கள், அதற்கு மேல் ஒரு சொல்கூட வேண்டாம்.

அலெப்போக்காரரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அவர் பெயர் பிலிப் ஸ்டாமா. சிரியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய், 1737-இல் பாரிஸில் ஒரு புத்தகம் வெளியிட்டார். நூறு இறுதிநிலைகள், நூறும் விடுவிக்கத் தக்க புதிர்கள். அவருடைய பெயரால் இன்றைக்கும் சொல்லப்படும் ஒரு மேட் உண்டு. அதைத்தான் உங்கள் வீட்டுக்கு அனுப்பப்போகிறேன்.

தம்பி, அந்த ஏழு காய்களையும் எடுத்துவிடப்பா. இப்போது நான்கே காய். கறுப்பு ராஜா ஏ2-இல். அவனுக்கு மேலே ஏ3-இல் ஒரு கறுப்புச் சிப்பாய். கறுப்புச் சிப்பாய் கீழ்நோக்கி நடக்கும் என்பதை மறக்கவேண்டாம். வெள்ளை ராஜா சி2-இல். வெள்ளைக் குதிரை டி3-இல். குதிரை நேராக இரண்டு கட்டம், பக்கவாட்டில் ஒரு கட்டம் என்று தாவும். வெள்ளையின் முறை. மூன்று நகர்த்தலில் மேட்.

குதிரை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மேட் செய்ய முடியாது என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். இங்கே முடியும். எப்படி முடியும் என்று நான் சொல்லப்போவதில்லை. கறுப்புக்கு என்ன வழி இருக்கிறது, அது மட்டும் உங்களிடம் இருக்கட்டும்.

பலகையை இன்றிரவு இறக்கவேண்டாம் என்று நூலகரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாளை காலை நூலகம் திறக்கும்போது காய்கள் இதே இடத்தில் இருக்கும். நாற்காலியைக் கறுப்பின் பக்கமாகத்தான் போட்டுவைத்திருக்கிறேன்.